பெற்றோருக்கும் ஒரு பள்ளி

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் பயிலரங்குகள்

பிள்ளை பேசத் தாமதமானால் நம் வீடுகளில் முதலில் கிடைப்பது ஆறுதல். "இவன் அப்பனும் நாலு வயது வரை பேசவில்லை" என்பார் பாட்டி. "ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும்" என்பார் அண்டை வீட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததற்குப் பிடிவாதம் என்று பெயர். விளையாட்டுக் காரின் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றிக் கொண்டிருப்பதற்குக் கூர்ந்த அறிவு என்று பெயர். இந்த ஆறுதல்களில் ஓராண்டும் ஈராண்டும் கழிந்தபின், ஒரு நாள் மருத்துவர் 'ஆட்டிசம்' என்ற சொல்லைச் சொல்கிறார். அதுவரை ஆளுக்கொரு விளக்கம் தந்துகொண்டிருந்த வீடு அன்று மௌனமாகிறது. மௌனம் கலைந்ததும் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கியே எழுகிறது: "நீ என்ன செய்தாய்?"

தாய் எதுவும் செய்துவிடவில்லை என்பதே அறிவியல் தரும் விடை. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: "இனி நாம் என்ன செய்யலாம்?" இந்தக் கேள்வியோடு வரும் பெற்றோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவையே நாட்டின் பல நகரங்களில் நடைபெற்றுவரும் பெற்றோர் பயிலரங்குகள்.

ஆட்டிசம் என்பது என்ன?

தமிழில் இதனை 'மதியிறுக்கம்' என்று எழுதுவோர் உளர். ஆனால் அச்சொல் அறிவு குன்றியது என்ற பொருளை வாசிப்பவர் மனத்தில் எழுப்பிவிடுகிறது. எனவே, மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் புழங்கும் 'ஆட்டிசம்' என்ற சொல்லையே இக்கட்டுரை கையாள்கிறது. இது தொற்றும் நோயன்று; மருந்து கொடுத்து நீக்கக்கூடிய நோயுமன்று. மூளை வளரும் முறையிலேயே அமைந்த வேறுபாடு இது. பிறர் முகக்குறிப்பை அறிதல், உரையாடல், விளையாட்டு, ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை உணர்தல் என அனைத்திலும் அவ்வேறுபாடு வெளிப்படுகிறது. ஒரு குழந்தை பேசாமலே இருக்கலாம்; மற்றொன்று ரயில் கால அட்டவணையை ஒப்பிக்கலாம். உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக 2021ஆம் ஆண்டிற்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகிறது.

ஓராண்டு நிறைந்தும் மழலை பேசாமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, 16 மாதங்களில் ஒற்றைச் சொல்லும் வராமை, 24 மாதங்களில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை எந்த வயதிலேனும் இழத்தல் ஆகியவை காத்திராமல் மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள். இவை இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இருந்துவிடுவது, மூளை விரைந்து வளரும் பொன்னான ஆண்டுகளை இழப்பதாகும்.

பழி சுமந்தவர்கள் வழி கண்டனர்

அமெரிக்க மருத்துவர் லியோ கன்னர் 11 குழந்தைகளின் வரலாற்றை ஆராய்ந்து, 1943ஆம் ஆண்டு ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக விவரித்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பாசம் காட்டாத தாயின் குளிர்ந்த மனமே இதற்குக் காரணம் என்ற கருத்து மேலைநாட்டு மருத்துவ உலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 'குளிர்பதனப் பெட்டித் தாய்மார்' என்றே அவர்களுக்குப் பெயரிட்டனர். பிள்ளைக்காக ஊணும் உறக்கமும் இழந்த தாய்மாருக்குக் கிடைத்த பட்டம் அது!

அக்கருத்தைத் தகர்த்தவர்களில் முதன்மையானவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளரான அவர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமாவார். ஆட்டிசத்திற்கு உடற்கூறு சார்ந்த அடிப்படை உண்டென்று 1964ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் அவர் நிறுவ முற்பட்டார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே பிரிட்டனில் பெற்றோர்கள் ஒன்றுகூடித் தமக்கெனச் சங்கம் அமைத்திருந்தனர். நம் நாட்டில், ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெரி பரூவா 1991இல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆட்டிசம் என்ற சொல்லைப் பல மருத்துவர்களே அதிகம் கேட்டிராத காலம் அது.

பின்னர் வேறொரு பழி முளைத்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற அச்சத்தைக் கிளப்பிய கட்டுரை 1998இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அது நம்பத்தகாதது எனக் கண்டறியப்பட்டு, 2010இல் அவ்விதழே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும், தடுப்பூசி போட அழைத்துச் சென்ற நாளை நினைந்து இன்றும் மருகும் தாய்மார் உண்டு. நல்ல பயிலரங்கு எதுவும் இந்தக் குற்றவுணர்வை இறக்கிவைத்த பிறகே பாடத்தைத் தொடங்குகிறது.

பயிலரங்கில் கற்பது

டெல்லி ஜசோலாவில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' நடத்தும் தேசிய ஆட்டிசம் மையத்தில், பெற்றோரும் குழந்தையும் சேர்ந்தே வகுப்புக்கு வரும் மூன்று மாதப் பயிற்சி நடைபெற்று வந்துள்ளது. குழந்தையைச் சிகிச்சையாளரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே காத்திருக்கும் வழக்கமான முறைக்கு இது நேர்மாறானது. பயிற்சி அறையில் பெற்றோரே ஆசிரியர். வல்லுநர் அருகிலிருந்து வழிகாட்டுபவர்.

இம்முறைக்கு எளிய கணக்கு ஒன்று காரணம். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரமே சிகிச்சையாளரிடம் கழிகிறது. எஞ்சிய நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. குளிப்பதும் உண்பதும் உடுப்பதும் அங்கேதான். வீடே பள்ளியானால் ஒவ்வொரு வேளைச் சோறும் ஒரு பாடமாகும்.

பயிலரங்குகளில் பொதுவாக முதலில் கற்பிக்கப்படுவது பார்ப்பது. குழந்தை திடீரென அலறினால், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அலறியபின் அதற்கு என்ன கிடைத்தது என்று இரண்டு வாரங்கள் குறித்துவரச் சொல்கிறார்கள். ஏடு நிரம்பும்போது, காரணமற்றதாகத் தோன்றியதற்குக் காரணம் தென்படத் தொடங்குகிறது. ஒரு வீட்டில் அது மிக்சியின் ஓசையாக இருக்கலாம். மற்றொரு வீட்டில் வழக்கமான தெருவை விடுத்து வேறு வழியில் ஆட்டோ திரும்பியதாக இருக்கலாம். பேச்சு வராத குழந்தைக்கு அலறலே மொழி. அம்மொழியைப் படிக்கத் தெரிந்தபின், "அடம்பிடிக்கிறான்" என்ற சொல் அந்த வீட்டில் அரிதாகிறது.

அடுத்தது, பெரிய செயலைச் சிறு படிகளாகப் பிரித்தல். சட்டை அணிவதைக் கற்பிக்க வேண்டுமென்றால், தலைவழியே மாட்டுவதையும் கைகளை நுழைப்பதையும் தாயே செய்துவிட்டு, கடைசியாகக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் குழந்தைக்கு விடுகிறார். அது பழகியபின் ஒரு படி பின்னால் செல்கிறார். ஒவ்வொரு முறையும் செயலை முடித்த பெருமை குழந்தைக்கே கிடைக்கிறது.

மூன்றாவது, நாளின் ஒழுங்கைக் கண்ணுக்குக் காட்டுதல். பல் துலக்குதல், சாப்பாடு, பள்ளி வண்டி, ஊஞ்சல், உறக்கம் என வரிசையாகப் படங்களை ஒட்டி வைத்தால், அடுத்து வருவது என்ன என்ற பதற்றம் குறைகிறது. கோயில் திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ செல்வதற்கு முன், அங்கே என்னவெல்லாம் இருக்கும் என்று படங்களால் முன்னரே சொல்லிவைப்பதும் இதில் அடங்கும்.

நான்காவது, காத்திருத்தல். குழந்தைக்குப் பிடித்த முறுக்கைத் திறக்க முடியாத ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டுக் கையில் கொடுத்துவிட்டு, பெற்றோர் பேசாமல் இருக்க வேண்டும். கேட்காமலே எடுத்துக் கொடுத்துப் பழகிய கைகளுக்கு இது கடினமான பயிற்சி. மனத்துக்குள் பத்து எண்ணுவதற்குள் குழந்தை நிமிர்ந்து பார்த்தாலோ, புட்டியைத் தாயின் கையில் வைத்தாலோ, அதுவே ஓர் உரையாடலின் தொடக்கம்.

வல்லுநர்கள் இல்லாத ஊர்களுக்கு

பெருநகரங்களைத் தாண்டினால் பேச்சுப் பயிற்சியாளரோ குழந்தை மனநல மருத்துவரோ கிடைப்பது அரிது. வல்லுநர் அல்லாதவர்களைக் கொண்டு பெற்றோருக்குப் பயிற்சி தர இயலுமா என்று ஆராய்ந்த முயற்சி ஒன்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. கோவாவில் 'சங்காத்' என்ற தொண்டு நிறுவனம் இதில் பங்கேற்றது. பிரிட்டனில் உருவான ஒரு பயிற்சிமுறையைத் தெற்காசியக் குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான 65 குழந்தைகள் ஆய்வில் இடம்பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆறு மாதங்களில் 12 அமர்வுகள் நடத்தப்பட்டன.

அமர்வின் மையம் ஒரு காணொலி. தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடுவதைச் சில நிமிடங்கள் படம்பிடித்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டினர். பிழை சுட்டுவதற்காக அன்று. குழந்தை அனுப்பிய சிறு சைகையைப் பெற்றோர் கவனித்த கணம் எது, அது எவ்வாறு பலனளித்தது என்பதை அவர்களே கண்டுகொள்வதற்காக. 2016இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்ற பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பதிலளிப்பது கூடியது. குழந்தைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்பாட முன்வருவதும் கூடியது. எல்லா அளவுகோல்களிலும் முன்னேற்றம் காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆயினும், முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட நலப்பணியாளர் ஒருவரால் இதனைச் செய்ய இயலும் என்பது தெளிவாயிற்று.

உலக சுகாதார நிறுவனமும் இதே நோக்கில், வளர்ச்சித் தாமதம் உள்ள இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கெனப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்துள்ளது. ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று இல்லச் சந்திப்புகளும் கொண்ட அப்பயிற்சியையும் வல்லுநர் அல்லாதவர்களே நடத்தலாம். அதில், பெற்றோர் தம் மன அழுத்தத்தைக் கையாள்வதற்கும் இடம் உண்டு.

வட்டமாக இடப்பட்ட நாற்காலிகள்

பாடங்கள் ஒருபுறமிருக்க, பயிலரங்கு தரும் மற்றொரு பயன் வட்டமாக இடப்பட்ட நாற்காலிகளில் கிடைக்கிறது. தன் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு எழுந்து குதிப்பதை ஒருவர் சொல்லும்போது, எதிரே அமர்ந்திருப்பவர் வியப்படையாமல் தலையசைக்கிறார். உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் செல்வதை நிறுத்திவிட்ட குடும்பத்துக்கு, விளக்கம் கேட்காத அந்தத் தலையசைப்பே பெரிய மருந்து. பத்தாண்டுகள் முன்னே சென்ற பெற்றோரிடமிருந்து, முடிவெட்டும் கடையில் பிள்ளையை அமரவைப்பது முதல் பள்ளியில் இடம் கேட்பது வரை, எந்த நூலிலும் இல்லாத நுட்பங்கள் கிடைக்கின்றன. ஆட்டிசம் உள்ள பெரியவர்களையே பேச அழைக்கும் பயிலரங்குகளும் உண்டு. பள்ளி மணியோசை தமக்கு எப்படிக் கேட்டது என்று அவர்களே சொல்லும்போது, பெற்றோருக்குத் தம் பிள்ளையின் உலகுக்குள் ஒரு சாளரம் திறக்கிறது.

தாய் மட்டும் வந்து கற்றுச் செல்வது போதாது என்பதையும் அமைப்பாளர்கள் உணர்ந்துள்ளனர். தாய் படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கிக்கொண்டிருக்க, மனம் தாளாத பாட்டி முதல் அழுகையிலேயே பிஸ்கட்டை நீட்டிவிட்டால், அழுதால்தான் கிடைக்கும் என்ற பாடத்தையே குழந்தை கற்கும். எனவே பாட்டி தாத்தாக்களுக்கும், வேலைக்குச் செல்லும் தந்தையருக்காக விடுமுறை நாட்களிலும், "எல்லாம் தம்பிக்குத்தானா?" என்று உள்ளுக்குள் வருந்தும் உடன்பிறந்தாருக்கும் தனித்தனி அமர்வுகள் நடத்துவது பயன்தருகிறது.

எந்த மொழியில் பேசுவது?

பணியிட மாற்றத்தால் புனேவிலும் போபாலிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "குழந்தை குழம்பிவிடும், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரை அடிக்கடி வருகிறது. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழி வளர்ச்சி மேலும் தாமதமாவதில்லை என்பதையே பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. தாலாட்டும் கொஞ்சலும் கண்டிப்பும் பெற்றோருக்கு இயல்பாக வருவது தாய்மொழியில்தான். பாட்டியோடு பேசும் ஒரே மொழியை அக்குழந்தையிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் இந்தியில் கற்பித்ததை வீட்டில் தமிழில் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

சேமிப்பைக் கரைக்கும் வாக்குறுதிகள்

"ஆட்டிசத்தை முற்றிலும் குணப்படுத்துகிறோம்" என்ற விளம்பரங்களைக் காணாத பெற்றோர் இரார். நகையை அடகுவைத்தும் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறித்தும் அவற்றின் பின்னால் செல்வோர் உண்டு. ஆட்டிசத்திற்கு ஸ்டெம்செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறிக் குழுமம் 2022ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. எந்தச் சிகிச்சையானாலும், அது எந்தத் திறனை வளர்க்கும், எத்தனை மாதத்தில் எதைக் கொண்டு முன்னேற்றத்தை அளப்பீர்கள், பெற்றோர் உள்ளிருந்து பார்க்கலாமா ஆகிய மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். விடை தெளிவாக இல்லையெனில் காசோலையில் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம். அனுபவமிக்க பெற்றோர் குழு இவ்விடத்தில் மிகச் சிறந்த காவல்.

"எனக்குப் பின்?"

பயிலரங்குகளில் எல்லாக் கேள்விகளும் தீர்ந்தபின், தயங்கித் தயங்கி எழும் இறுதிக் கேள்வி இது. இதற்குப் பிள்ளை சிறு வயதாக இருக்கும்போதே விடை தேடத் தொடங்க வேண்டும்.

18 வயது நிறைந்தபின், சட்டத்தின் பார்வையில் பெற்றோர் தாமாகவே காப்பாளராகத் தொடர்வதில்லை. காப்பாளர் தேவைப்படும் நிலையில் இருப்போருக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிவகுக்கிறது. மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்நிலைக் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற நிறுவனமோ விண்ணப்பிக்கலாம். நியமனம் பெற்ற காப்பாளர் ஆறு மாதங்களுக்குள் சொத்து விவரப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதங்களுக்குள் கணக்கையும் அளிக்க வேண்டும். இக்குழு வழங்கும் காப்பாளர் சான்றிதழின் அடிப்படையில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் இயக்கவும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்கள் இடமளிக்கின்றன.

பணத்தோடு விட்டுச்செல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு எந்த உணவு ஆகாது, எந்த ஓசை அச்சுறுத்தும், எந்தப் பாட்டு அமைதிப்படுத்தும், மருத்துவர் யார், எந்தக் கணக்கு எங்கே என்பவற்றை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி ஆண்டுதோறும் புதுப்பித்துவர வேண்டும். நாளை அப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு, உயிலைக் காட்டிலும் அந்த ஏடுதான் அன்றாடம் உதவும்.

எங்கே தொடங்கலாம்?

• பரிசோதனை: பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்காக 2013இல் தொடங்கப்பட்ட 'ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்' திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. வளர்ச்சித் தாமதத்தை அங்கே பரிசோதிக்கலாம்.

• சான்றிதழ்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 வினாக்கள் கொண்ட இந்திய ஆட்டிச அளவுகோலின்படி மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அரசின் சலுகைகள் பலவற்றிற்கும் இதுவே திறவுகோல்.

• காப்பீடு: தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும். சேர்வதற்கு முன்மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறவாதீர்கள்.

• வரிக்கழிவு: வருமானவரியில் 80டிடி என்று அறியப்படும் சலுகையின்படி, பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டிருந்தால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு.

• குடும்ப ஓய்வூதியம்: மத்திய அரசு ஊழியரின் பிள்ளை, குறைபாட்டினால் பொருளீட்ட இயலாதவராயின், விதிகளுக்கு உட்பட்டு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். விவரத்தைப் பணிக்காலத்திலேயே அலுவலகத்தில் பதிந்து வையுங்கள்.

• பயிற்சியும் வழிகாட்டலும்: சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் செகந்தராபாத்திலும் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனங்கள், பெங்களூரு நிம்ஹான்ஸ், மைசூரு அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் ஆகியவற்றை அணுகலாம்.

அருகில் பயிலரங்கு எதுவும் இல்லாத ஊராயின், மூன்று குடும்பங்கள் போதும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ பள்ளி வகுப்பறையிலோ கூடி, அம்மாதம் பலித்தது எது, பலிக்காதது எது என்று பேசத் தொடங்கலாம். இன்று பெரிய நிறுவனங்களாக வளர்ந்திருப்பவற்றுள் சில, அவ்வாறு கூடிய பெற்றோரால் தொடங்கப்பட்டவையே. மற்றவர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. வங்கி வரிசையிலோ ரயில் பெட்டியிலோ காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைக் காண நேர்ந்தால், "வளர்ப்பு சரியில்லை" என்று முணுமுணுக்காமல் சற்று இடம்விட்டு நிற்போம். வரிசையில் அந்தத் தாயை முன்னே செல்லவிடுவோம்.